அம்மா பேசிய கேசட்டும் வடசேரி அண்ணாச்சியும்

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறோம் என்று போர்டு வைத்த கடைகள் பெரிய ஊர்களில் இப்போது நிறைய வந்துவிட்டன. பலரும் செய்வது ஒன்றுதான். டெக்கில் போட்டு ஓடவிட்டு, எம்பி3 ஆக்கி, வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார்கள். சினிமாப் பாட்டுக்கு அது போதும். வீட்டு மனுஷர் பேசிய கேசட்டுக்குப் போதாது.

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் தன் வீட்டு முன்னறையிலேயே இந்த வேலையைச் செய்கிறார் ஒரு அண்ணாச்சி. ஒரு காலத்தில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர். பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் டிடிகே கேசட்டில் பதிந்து தருவார்களே, அந்த மாதிரிக் கடை. பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இருக்கிற வேலையே முடியவில்லையாம். அங்குள்ள பழைய ரேடியோ ரிப்பேர் கடைகளில் விசாரித்தால் ஆளைக் காட்டுவார்கள்.

நான் கொண்டு போனது அம்மாவின் குரல் உள்ள 60 நிமிட கேசட். அப்பா குவைத்தில் இருந்தார். கடிதத்துக்குப் பதில் அம்மா கேசட்டில் பேசி, ஊருக்கு வந்துபோகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவாள். அப்பா கேட்டுவிட்டு அதன் மேலேயே பேசித் திருப்பி அனுப்புவார். அதனால் அம்மா பேசியது எதுவும் மிஞ்சவில்லை, இந்த ஒன்றைத் தவிர. 1990 ஜூலைக் கடைசியில் பதிந்தது. ஆகஸ்ட் 2 அன்று இராக் படை குவைத்துக்குள் நுழைந்துவிட்டது. அப்புறம் யார் கையில் கொடுத்தனுப்ப? ஜோர்டானின் அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்கள் கூட்டி வந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருவராக அப்பாவே வந்து சேர்ந்தார். கேசட் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடந்தது.

பக்கவாதம் வந்து கடைசி மூன்று வருஷம் அம்மாவுக்குப் பேச்சு இல்லை. என் இளைய மகளுக்கு ஆச்சி என்றால் கட்டிலில் இருந்து கையை மட்டும் ஆட்டுகிற ஆச்சிதான். வயல் கணக்கு, ஆள் கூலி, எங்கள் பள்ளிக்கூடம், மாமியாரின் ஆஸ்துமா என்று எல்லாவற்றையும் வாயாலேயே மேய்த்தவள் அவள் என்று சொன்னால் குழந்தைக்குப் புரியாது. வருஷத் திதிக்குள் குரலை எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் சென்னையில் ஒரு பெரிய ஸ்டூடியோவில் கொடுத்தேன். இரைச்சலைச் சுத்தம் செய்கிறோம் என்று, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போன்ற ஒரு குரலைக் கொடுத்தார்கள். அதுகூடப் போகட்டும், 60 நிமிடத்துக்கு 41 நிமிடம்தான் இருந்தது. தேவையில்லாத பகுதிகளை நீக்கிவிட்டார்களாம்.

தேவையில்லாத பகுதி எது என்பது வடசேரியில்தான் தெரிந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் மீன்காரி வந்துவிட்டாள். அம்மா டேப்பை நிறுத்தாமலே எழுந்து போய்ச் சாளைக்குப் பேரம் பேசுகிறாள். தூரத்தில் கேட்கிறது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவு. "நேத்து உள்ளத இன்னிக்கிப் பிடிச்சதுன்னு சொல்லப்பிடாது, கண்ணப் பாரு, செத்து ரெண்டு நாளாச்சு." அவள் விலையைக் குறைக்கும்வரை அம்மா விடவில்லை. திரும்பி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்து, "கேட்டேளா, கன்னிப்பூ பால் பிடிச்சாச்சு" என்று வயலில் நிற்கிற நெல்லைப் பற்றி விட்ட இடத்தில் தொடங்குகிறாள். மைக்குக்குப் பேசும்போது கொஞ்சம் பவ்யம் இருக்கும். மீன்காரியிடம் பேசியதுதான் என் அம்மா.

அண்ணாச்சி முதல் நாள் கேசட்டை ஓட்டவே இல்லை. திருப்புளியால் திறந்து, பூஞ்சை பிடித்த இடத்தைத் துடைத்து, உதிர்ந்து கிடந்த கம்பளித் துண்டுக்குப் பதில் வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டினார். அந்தத் துண்டுதான் டேப்பை, அதைப் படிக்கிற ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும். அது இல்லாமல் ஓட்டினால் குரல் மங்கிவிடும். பிறகு ஹெட்டின் சாய்வை அந்தக் கேசட்டுக்கு ஏற்ற மாதிரித் திருகித் திருகி வைத்தார். 'ஸ' சத்தம் கூர்மையாகும்வரை இந்த வேலை நடந்தது.

பி பக்கத்தில் சிக்கல் வந்தது. பாதியில் அம்மாவே சொல்கிறாள், "கரண்டு போயிட்டு, கட்டையில ஓடுது" என்று. பேட்டரி பழசு போலிருக்கிறது. பதியும்போது மோட்டார் மெதுவாக ஓடியிருக்கிறது, அதனால் இப்போது சரியான வேகத்தில் கேட்டால் அம்மாவின் குரல் கீச்சென்று ஏறிக்கொண்டே போய் முடிவில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறது. அண்ணாச்சி கம்ப்யூட்டரில் வேகத்தைக் குறைத்தபடி, "இப்ப சரியா? இதுதானா அம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 34 வயதில் அம்மாவின் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அண்ணனுக்குப் போன் போட்டால், "இன்னும் கொஞ்சம் கீழ எறக்கச் சொல்லுல" என்கிறான். அவனுக்கும் தெரியாது.

அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். அம்மா மூச்சுக்கு மூச்சு "கேட்டேளா" சொல்வாள். ஏ பக்கத்தில் கரண்ட் இருந்தபோது சொன்ன ஒரு "கேட்டேளா"வை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். பி பக்கத்தில் வரும் ஒவ்வொரு "கேட்டேளா"வையும் அதற்குப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒட்டும்வரை வேகத்தை இறக்கினார். இடையில் உள்ள பேச்சு தானாக இறங்கி உட்கார்ந்தது. "கேட்டேளா, பெரியவன் கணக்குல 38. நீங்க வந்து அடிச்சிராதீங்க, நான் ரெண்டு வச்சாச்சு" என்று அம்மா அம்மாவாகவே சொன்னாள். அண்ணனுக்கு அதைத்தான் முதலில் அனுப்பினேன்.

கேசட்டுக்கு 400 ரூபாய், வேகம் சரிசெய்ய 500 கூடுதல். சுத்தம் செய்யாத மூலப் பதிவைச் சுருக்காத வேவ் கோப்பாகப் பென்டிரைவிலும், கேட்பதற்கு எம்பி3 தனியாகவும் தருகிறார். எந்தக் கடையில் கொடுத்தாலும் இந்த மூலப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 600 எம்பி ஆகும், ஆகட்டும். கொடுப்பதற்கு முன் கேசட்டின் மேல் ஓரத்தில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்கையும் உடைத்துவிடுங்கள், யாரும் தவறிப்போய் மேலே பதிய முடியாது.

குறை இல்லாமல் இல்லை. பில் கிடையாது. ஒரு வாரம் என்றவர் ஒரு மாதம் இழுத்தார், திதிக்கு முந்தின நாள்தான் கைக்கு வந்தது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். போவதாக இருந்தால் காலையில் போங்கள். மத்தியானம் தூங்கப் போய்விட்டால் நாலு மணிவரை கதவைத் தட்டினாலும் எழுந்திருக்க மாட்டார்.