சோப்பா, சானிடைசரா?

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கையைச் சுத்தம் செய்ய எதை வைப்பது என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

அழுக்கு
சோப்பு: மண், எண்ணெய்ப் பிசுக்கு, பூச்சிமருந்து எல்லாம் தண்ணீரோடு போய்விடும்.
சானிடைசர்: அழுக்கு அப்படியே இருக்கும்.

கிருமி
சோப்பு: கொரோனா வைரஸின் கொழுப்புறையை உடைக்கும், மற்றதைக் கழுவித் தள்ளும். சாதாரண சோப்பே போதும். ‘கிருமிநாசினி’ சோப்புகளில் இருந்த டிரைக்ளோசான் என்ற ரசாயனத்துக்கு அமெரிக்கா 2016-லேயே தடை போட்டது, கூடுதல் பலன் நிரூபிக்கப்படவில்லை என்று.
சானிடைசர்: ஆல்கஹால் குறைந்தது 60 சதவீதம் இருந்தால் பெரும்பாலான கிருமிகள் சாகும். ஆனால் வாந்திபேதி பரப்பும் நோரோவைரஸிடம் அவ்வளவாகப் பலிக்காது.

நேரம்
சோப்பு: 20 வினாடி தேய்க்கணும், தண்ணீரும் வேண்டும்.
சானிடைசர்: காயும்வரை தேய்த்தால் சரி.

ஆபத்து
சோப்பு: கண்ணில் பட்டால் எரியும்.
சானிடைசர்: தீப்பிடிக்கும். அடுப்பு, குத்துவிளக்குப் பக்கம் தயவுசெய்து வேண்டாம். குழந்தை குடித்தால் விஷம். அப்புறம், மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் கலந்த போலிகள் பார்வையையே பறிக்கும். லேபிள் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள்.

சமையல், சாப்பாடு, கழிவறை, குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகு: சோப்பு மட்டுமே. பஸ் பயணம், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகும்போது: பையில் சிறிய சானிடைசர்.