சிட்னியில் ஒரு நாள் நடை: பாலமா, பூங்காவா, மேன்லியா?

சிட்னித் துறைமுகத்தை ஒரே நாளில் கால்நடையாகப் பார்த்துவிட நினைப்பவர்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, சர்க்குலர் கீ படகுத்துறையிலிருந்து ஓபரா மாளிகையைச் சுற்றிக்கொண்டு, தாவரவியல் பூங்காவின் கரையோரமாக மிசஸ் மக்குவாரி முனை வரை செல்வது. இரண்டாவது, வடகரையிலுள்ள மில்சன்ஸ் பாயின்ட்டில் தொடங்கி, துறைமுகப் பாலத்தைக் கடந்து, ராக்ஸ் பகுதி வழியாகப் பாரங்காரு என்னும் கரையோரப் பகுதியை அடைவது. மூன்றாவது, ஸ்பிட் பாலத்திலிருந்து மேன்லி என்னும் கடற்கரைப் புறநகர் வரை கரையோரப் புதர்க்காட்டினூடே செல்லும் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் பாதை. முதல் முறை வருபவர்களின் கால்கள் தாமாகவே முதல் வழியில் திரும்பிவிடுகின்றன. ஆனால், கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் இரண்டாவது வழியே மேலானது என்பது என் கணிப்பு.

இதற்கு முதற்காரணம் திசை. தென்கோளத்தில் அமைந்த சிட்னியில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். ஆகவே, வடகரையிலிருந்து தெற்கு நோக்கி நடப்பவருக்கு வெயில் முதுகுப்பக்கம் விழ, எதிரே நகரமும் இடப்புறத்தில் ஓபரா மாளிகையும் நல்ல வெளிச்சத்தில் தெரியும். தமிழர்கள் கணிசமாக வாழும் வெஸ்ட்மீட், பரமட்டா போன்ற மேற்குப் புறநகர்களில் பிள்ளைகள் வீட்டில் தங்கியிருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: அங்கிருந்து வரும் ரயில் நகரத்தைத் தாண்டிப் பாலத்தின் மீதே ஓடி மில்சன்ஸ் பாயின்ட்டில் நிற்கும்.

பாலத்தின் கிழக்கு ஓரம் நடப்பவர்களுக்கும் மேற்கு ஓரம் சைக்கிள்களுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. நடக்கக் கட்டணம் இல்லை. படியேற முடியாதவர்களுக்கு இரு முனைகளிலும் மின்தூக்கி உண்டு. 1932ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இதன் எஃகு வளைவு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 503 மீட்டர், அதன் உச்சி நீர்மட்டத்திலிருந்து 134 மீட்டர். நான்கு மூலைகளிலும் நிற்கும் கருங்கல் முகப்புக் கோபுரங்களைப் பார்ப்பவர்கள் அவையே வளைவைத் தாங்குவதாக எண்ணுவார்கள். உண்மையில் அந்தப் பாரத்தில் அவற்றுக்குப் பங்கில்லை, அவை பெரும்பாலும் அழகுக்காகவே எழுப்பப்பட்டவை. தென்கிழக்குக் கோபுரத்தில் 200 படிகள் ஏறிப் பார்க்கும் கட்டணம், வளைவின் மீதே ஏறுவதற்கான கட்டணத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. வளைவின் மேல் நிற்பவரால் வளைவைப் பார்க்க முடியாது என்பதையும் கணக்கில் கொண்டால், எனக்குக் கோபுரமே போதும். நடைபாதையின் பாதுகாப்புக் கம்பிவலை படமெடுக்க இடையூறாக இருப்பது மட்டும் இந்த வழியின் உண்மையான குறை.

பாலத்திலிருந்து இறங்கியதும் வரும் ராக்ஸ் பகுதியின் பழைய சந்துகள் இன்று நிற்பதே ஒரு தொழிற்சங்கத்தால்தான். 1970களில் அவற்றை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பத் திட்டமிட்டபோது, ஜாக் மண்டியின் தலைமையிலான கட்டடத் தொழிலாளர் சங்கம் அந்த வேலையைச் செய்ய மறுத்து, குடியிருந்தவர்களின் பக்கம் நின்றது. அருகிலுள்ள வானாய்வகக் குன்றுக்குப் பிற்பகல் ஒரு மணிக்குள் போய்ச் சேர்ந்தால், கப்பல்கள் தங்கள் கடிகாரங்களைச் சரிபார்ப்பதற்காக 1858இல் அமைக்கப்பட்ட நேரப்பந்து கம்பத்திலிருந்து இறங்குவதைக் காணலாம். அதற்கப்பால், சரக்குப்பெட்டி முனையமாக இருந்து 2015இல் பூங்காவாகத் திறக்கப்பட்ட பாரங்காரு, மணற்பாறைப் படிகளுடன் நீரில் இறங்குகிறது. பாரங்காரு என்பது ஒரு பழங்குடிப் பெண்ணின் பெயர். அவருடைய கணவர் பென்னலாங்கின் பெயரைத் தாங்கிய முனையில்தான் ஓபரா மாளிகை நிற்கிறது.

பூங்கா வழிக்கும் அதற்கே உரிய சிறப்பு உண்டு. 1816இல் நிறுவப்பட்ட தாவரவியல் பூங்காவில் கரைப்பாதை சமதளம், நிழல் தாராளம், நுழைவு இலவசம். முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. ஆளுநர் மக்குவாரியின் மனைவிக்காக 1810இல் கைதிகள் பாறையில் செதுக்கிய இருக்கைக்கு அருகிலிருந்து ஓபரா மாளிகையும் பாலமும் ஒரே பார்வையில் அடங்கும். அங்கிருந்து மேற்கு நோக்கியே பார்க்க வேண்டியிருப்பதால் காலையில் போவதே நல்லது. மாலையில் எதிர்வெயிலில் இரண்டும் வெறும் கரிய உருவங்களாகிவிடும்.

மேன்லி வழியை இவற்றோடு ஒரே தட்டில் வைப்பது முழு நியாயமாகாது. அங்கே நகரம் இல்லை. கிரோட்டோ முனையில் பாறை மீது பழங்குடியினர் செதுக்கிய உருவங்களும், டாப்ராய்ட் மேட்டிலிருந்து தெரியும் துறைமுக வாயிலும்தான் உண்டு. மூன்று நான்கு மணி நேரம் ஏறி இறங்க வேண்டும், கிளான்டார்ஃப் கடற்கரையைத் தாண்டினால் நெடுந்தொலைவுக்குக் கடை கிடையாது என்பதால் தண்ணீரைச் சுமந்தே செல்ல வேண்டும். இரண்டாம் முறை வருபவர்கள் இதைத் தேர்ந்தால், நகரிலிருந்து பேருந்தில் ஸ்பிட் பாலத்துக்குப் போய் அங்கிருந்து மேன்லி நோக்கி நடப்பதே சரியான முறை. மேன்லியில் சாப்பாடும், அரை மணி நேரத்தில் சர்க்குலர் கீ சேர்க்கும் படகும் இருக்கின்றன. எதிர்த்திசையில் நடந்து களைத்து வருபவருக்கு ஸ்பிட் பாலத்தருகே பேருந்துக்காகக் காத்திருப்பதுதான் மிஞ்சும்.