பெரெஸ்கியாப்சிஸ் குச்சிகள்: ஒட்டுக் கட்டுவோருக்கான மதிப்பீடு

விதையிலிருந்து கள்ளி வளர்ப்பவர்களுக்கு நாற்றுகளின் மந்தமான வளர்ச்சியே பெரிய சோதனை. நாற்றை வேகமாக வளரும் வேறொரு செடியின் தண்டில் ஒட்டுக் கட்டுவது அதற்கு ஒரு தீர்வு. தாங்கும் அந்த வேர்ச்செடியாகப் பலரும் பரிந்துரைக்கும் பெரெஸ்கியாப்சிஸ் ஸ்பாதுலாட்டா குச்சிகளை ஒரு நாற்றுப் பண்ணையில் இணையவழியாக வாங்கிப் பயன்படுத்திவருகிறேன். மெக்சிகோவின் வறண்ட புதர்க்காடுகளைச் சேர்ந்த இச்செடி, தட்டையான சதைப்பற்றுள்ள இலைகளோடு நிற்பதால் பார்வைக்குக் கள்ளியாகவே தோன்றாது. ஆயினும் இது சப்பாத்திக்கள்ளியின் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத கொக்கி நுண்முட்கள் கணுக்களில் கொத்தாக இருப்பதே அதற்கு அடையாளம். இலையுள்ள மற்றொரு கள்ளியான பெரெஸ்கியாவில் இவை இருப்பதில்லை என்பதால், கைக்கு வந்தது எது என்பதை இதைக்கொண்டே உறுதிசெய்துகொள்ளலாம்.

குச்சிகள் வெட்டுவாய் உலர்ந்த நிலையில், காகிதத்தில் சுற்றப்பட்டு நல்லபடியாக வந்துசேர்ந்தன. ஈரமான மண்கலவையில் நட்டதும் தயக்கமின்றி வேர்பிடித்தன. நுனியைக் கூரிய பிளேடால் சீராக வெட்டியவுடன் வழவழப்பான சாறு துளிர்க்கிறது. மிளகளவே உள்ள நாற்றின் அடியை நறுக்கி, இரண்டின் வெட்டுப்பரப்பிலும் வட்டமாகத் தெரியும் சாற்றுக்குழாய் வளையங்கள் ஓரிடத்திலாவது சந்திக்கும்படி அதைக் குச்சியின் மேல் வைத்தால், அந்தச் சாற்றின் பசையே பிடித்துக்கொள்வதால் நூல்கட்டுக்குப் பெரும்பாலும் அவசியமில்லை. பிறகு ஒட்டு கூடும்வரை, காற்றில் ஈரப்பதம் குறையாத மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். சொந்த வேரில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவைக்கும் வளர்ச்சியை மாதக்கணக்கில் காண முடிவது உண்மையிலேயே வியப்பூட்டுகிறது. விதை அரிதாகவே கிடைக்கும் இனங்களை வளர்ப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது.

குறைகளும் உண்டு. கள்ளிதானே என்று காயவிட்டால் இலை உதிர்ந்து ஒட்டின் வளர்ச்சியும் நின்றுவிடும். குளிரையும் இது தாங்காது. பக்கத் துளிர்களை அவ்வப்போது கிள்ளிவிடாவிட்டால் சத்தெல்லாம் அவற்றுக்கே போய்விடும். தண்டு மெல்லியதாகையால், பருத்துவிட்ட ஒட்டை வலுவான வேறொரு வேர்ச்செடிக்கு மாற்றுவதோ, வெட்டியெடுத்துத் தனியே வேர்விடச் செய்வதோ தவிர்க்க முடியாத அடுத்த வேலை. நுண்முட்கள் தோலில் ஏறினால் நாள்கணக்கில் உறுத்தும் என்பதைப் பண்ணையார் விற்பனைக் குறிப்பில் ஒரு வரிகூடச் சொல்லாதது எனக்கு ஏற்புடையதாக இல்லை. குழந்தைகள் உள்ள வீடுகளுக்கும் இவை போகின்றன.

நாற்றுகள் நிறைய வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். அழகுக்காக ஒன்றிரண்டு கள்ளி மட்டும் வளர்ப்பவருக்கு இது தேவைப்படாது.