வீசாட்: குவாங்சோ விருந்து வரை அருமை, காட்பாடியில் இறங்கினால் கைவிட்டுவிடும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் தோல், ஷூ தொழில் தெரிந்தவர்கள் சீனாவின் குவாங்சோவுக்கும் டோங்குவானுக்கும் வேலைக்குப் போகிறார்கள். அங்கே பழகும் தமிழர், வங்கதேசத்தவர், இத்தாலிய டெக்னீஷியன் எல்லாருக்கும் பொதுவான இடம், சீனாவின் மெசேஜ் ஆப்பான வீசாட்டில் உள்ள குரூப்தான். ஒப்பந்தம் முடிந்து ஒருவர் கிளம்பும்போது இந்த ஆப் எதுவரை உதவும்?

வழியனுப்பு விருந்து முடியும்வரை குறை சொல்ல இடமில்லை. குரூப் க்யூஆர் கோடு ஏழு நாள்தான் செல்லும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சீக்கிரமே அனுப்பிவிட்டால் கடைசி நேரத்தில் வருகிறவர் உள்ளே வர முடியாது. மெட்ரோவின் எந்த வாசலில் ஏறுவது என்று தவிப்பவருக்கு நேரலை லொகேஷன் போதும். பில்லை ஒருவர் கட்டிவிட்டு, மொத்தத் தொகையையும் ஆள் கணக்கையும் குரூப்பில் போட்டால் பங்கு பிரிந்து போகும். யார் இன்னும் தரவில்லை என்பதும் தெரியும், வாய்விட்டுக் கேட்கும் சங்கடம் இல்லை.

கிளம்புகிறவருக்கு வீசாட்டிலேயே ‘சிவப்பு உறை’யில் பணம் வைத்து அனுப்புவது நம்மூர் மொய் மாதிரிதான். ஓர் உறைக்கு உச்சவரம்பு 200 யுவான். 24 மணி நேரத்துக்குள் திறக்காவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும், ஆகவே அவர் விமானம் ஏறும் நேரத்தில் அனுப்ப வேண்டாம். 66, 88 நல்ல தொகைகள். 4 வரும் தொகையைச் சீன நண்பர்கள் விரும்ப மாட்டார்கள்.

சிக்கல் ஊருக்கு வந்த பிறகு. 2020 ஜூன் 29 அன்று இந்தியா தடை செய்த 59 ஆப்களில் வீசாட்டும் உண்டு. சரி, வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம் என்றால் அது 2017 முதல் சீனாவில் முடக்கப்பட்டிருக்கிறது. ஜிமெயிலும் அங்கே திறக்காது. அதனால் ‘ஊருக்குப் போய் மெசேஜ் போடுகிறேன்’ என்று சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. செய்யவேண்டியதை அங்கேயே, விருந்துக்கு முன்பே செய்தாக வேண்டும்.

முதல் வேலை படங்கள். வீசாட் பழைய உரையாடலைச் சர்வரில் வைத்திருப்பதில்லை, எல்லாம் உங்கள் போனில்தான். திறந்து பார்க்காத வீடியோ சில நாளில் காலாவதியாகிவிடும். கம்ப்யூட்டருக்கு பேக்கப் எடுக்கும் வசதி இருந்தாலும், அதை மறுபடி வீசாட்டுக்குள் ஏற்றித்தான் பார்க்க முடியும், இந்தியாவில் அதை நம்ப முடியாது. வேண்டிய படங்களை ஒவ்வொன்றாக போன் கேலரியில் சேமியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் வருடக்கணக்கில் ஒரே மேஜையில் சாப்பிட்டவர்களின் முகங்கள் அவை.

அடுத்தது பணம். வீசாட்டின் வேலட்டில் இருப்பதை வங்கிக்கு மாற்றும்போது மொத்தம் 1,000 யுவான் வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் 0.1 சதவீதம். வேலட், வங்கிக் கணக்கு, சிம் என்ற வரிசையில்தான் மூட வேண்டும். சிம்மை முதலில் ஒப்படைத்தால் வங்கியின் ஓடிபி வராது, பணம் மாட்டிக்கொள்ளும். அந்த நம்பர் பிறகு வேறொருவருக்குப் போய்விடும் என்பதால், வீசாட்டுக்குள் எஸ்எம்எஸ் இல்லாமலும் நுழையும்படி பாஸ்வேர்டு போட்டுவைப்பது அவசியம்.

பிறகு எதில் பேசுவது? இருவரிடமும் ஐபோன் இருந்தால் ஃபேஸ்டைம் எளிது, இரண்டு நாட்டிலும் ஓடுகிறது. மற்றவர்களிடம் அவுட்லுக் மெயில் முகவரியை விருந்திலேயே வாங்கி, அங்கேயே ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பாருங்கள். இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்திருப்பவருக்கு வாட்ஸ்அப்பும் வரும், ஏனெனில் அந்த டேட்டா இந்திய நெட்வொர்க் வழியாகப் போகிறது. அவரே ஃபேக்டரி வைஃபைக்கு மாறினால் நின்றுவிடும்.

அழைக்கும்போது நேரத்தைப் பாருங்கள். சீனா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். வேலூரில் இரவு எட்டரை என்றால் அங்கே பதினொன்று, காலை ஷிஃப்ட் போகிறவர் தூங்கியிருப்பார். மாலை ஐந்தரைக்குக் கூப்பிட்டால் அங்கே எட்டு, சாப்பிட்டு முடித்து நிதானமாகப் பேசுவார்.