டெக்சாஸ் பள்ளி ஊக்கத்தொகைத் திட்டம்: சான்றிதழுக்குப் பணம் உண்டு, சம்பளத்துக்குக் கணக்கு இல்லை

வரிப்பணத்தில் நடக்கும் எந்தச் சேவையையும் அதற்கு ஆகும் செலவையும் அது தரும் பயனையும் வைத்து எடைபோட வேண்டும் என்றால், டெக்சாஸ் மாநிலம் 2019ஆம் ஆண்டு ‘ஹவுஸ் பில் 3’ என்னும் சட்டத்தின் மூலம் கொண்டுவந்த ஊக்கத்தொகைத் திட்டம் அதற்கு நல்ல உதாரணம். பெரும்பாலும் மாணவர் வருகைப்பதிவைக் கொண்டே பணம் பெற்றுவந்த அரசுப் பள்ளி மாவட்டங்களுக்கு (ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்புகள்), கல்லூரிக்கோ வேலைக்கோ ராணுவத்துக்கோ தகுதியாகி வெளியேறும் மாணவர்களுக்காகத் தனியே ஒரு தொகை கிடைக்கத் தொடங்கியது. ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். அதில் பெரும்பங்கு தொகையை நிர்ணயித்த விதத்துக்கே.

இத்தனை விழுக்காடு மாணவராவது தகுதி பெற வேண்டும் என்ற குறைந்தபட்ச வரம்பைத் தாண்டித் தகுதி பெறும் ஒவ்வொரு மாணவருக்கும், அவர் ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவரானால் 5,000 டாலரும் மற்றவரானால் 3,000 டாலரும் மாவட்டத்துக்குக் கிடைக்கும் என்றும், சிறப்புக் கல்வி மாணவருக்கு 2,000 டாலர் என்றும் அந்தச் சட்டம் வகுத்தது. வசதியான பிள்ளைகள் நிறைந்த மாவட்டமே பரிசு முழுவதையும் அள்ளிச் செல்லாதபடி பார்த்துக்கொண்டது பாராட்டத்தக்கது. கிடைக்கும் தொகையில் 55 விழுக்காட்டையாவது 8 முதல் 12 வரையிலான வகுப்புகளில் இதே நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

குறை எங்கே என்றால், வேலைக்குத் தகுதியானவர் யார் என்ற வரையறையில். 2019 சட்டத்தின்படி தொழில்துறைச் சான்றிதழ் மட்டும் போதாது. கல்லூரிப் பாடங்களுக்குத் தயார் என்று காட்டும் தேர்வு அளவையும் மாணவர் எட்டியிருக்க வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் வழியே என்றால் கணிதத்தில் 530, ஆங்கிலத்தில் 480. வெல்டிங் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கணிதத்தில் 510 எடுத்த மாணவி, வேறு வழியில் அந்த அளவை எட்டாவிட்டால், பட்டறைக்காரர் கண்ணுக்கு வேலைக்குத் தகுதியானவள், நிதிக் கணக்கில் யாரும் இல்லை. கணிதம் தெரியாத தொழிலாளி விரைவில் தேங்கிவிடுவார் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அவளுக்காகப் பள்ளி செலவழித்த காசு மட்டும் திரும்பி வரப்போவதில்லை.

அந்தச் செலவு முன்கூட்டியே ஆகிவிடுகிறது என்பதுதான் இதைவிடப் பெரிய சிக்கல். வெல்டிங் கூடத்துக்கான கருவிகள், காற்றுப்போக்கி, ஆலைச் சம்பளத்தை விட்டுவிட்டு வரத் தயாராக இருக்கும் ஆசிரியர் என எல்லாம் முதலில் வேண்டும். ஊக்கத்தொகையோ மாணவர் படிப்பை முடித்து, கல்லூரியில் சேர்ந்தாரா என்ற கணக்கும் முடிந்த பிறகே வரும். கையில் இருப்பு உள்ள மாவட்டத்துக்கு இது முதலீடு, இல்லாத மாவட்டத்துக்கு எட்டாக்கனி. தொழிற்கல்வி மாணவருக்கு வழக்கமான நிதியிலேயே கூடுதலாகக் கணக்கிட்டுத் தருவது ஓரளவு உதவுகிறது என்றாலும், ஒரு மாணவருக்கான அடிப்படை ஒதுக்கீடு 2019இல் 6,160 டாலராக உயர்த்தப்பட்டபின் 2025 வரை அசையவேயில்லை. அந்த ஆண்டும் கூட்டியது 55 டாலர்தான். விலைவாசி ஏறிய ஆண்டுகளில் அடிப்படைத் தொகையை உறையவைத்துவிட்டு மேலே ஊக்கத்தொகை தருவதைத் தாராளம் என்று சொல்ல மனம் வரவில்லை.

சான்றிதழ்களின் தரமும் ஒன்றுபோல இல்லை. எளிதில் கிடைப்பதையும் முதலாளிகள் உண்மையில் கேட்பதையும் பள்ளியளவில் ஒரே தட்டில் வைத்து எண்ணுகிறார்கள். மாநிலக் கல்வித் துறை அவ்வப்போது பட்டியலைக் களையெடுக்கிறது என்பது மட்டுமே ஆறுதல். இதே மாநிலம் 2023இல் ‘ஹவுஸ் பில் 8’ மூலம் சமுதாயக் கல்லூரிகளின் (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்புகளைத் தரும் உள்ளூர்க் கல்லூரிகள்) நிதியை மாற்றியபோது, படிப்புக்கு ஆன செலவைப் பிற்காலச் சம்பளம் ஈடுகட்டுகிறதா என்று பார்த்துத்தான் சான்றிதழின் மதிப்பைக் கணக்கிட்டது. கல்லூரிக்குப் பொருந்தும் அந்த அளவுகோலைப் பள்ளிக்குப் பொருத்தாமல் விட்டதற்குச் சரியான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அங்கே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர், பள்ளி வாரியக் கூட்டத்தில் காட்டப்படும் ‘தயார்நிலை’ விழுக்காட்டை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். பள்ளித் தரவரிசையில் ‘ஏ’ பெறுவதற்கான தயார்நிலை விழுக்காட்டை 2023இல் 60இலிருந்து 88ஆக உயர்த்தியதும் மாவட்டங்கள் நீதிமன்றம் போன கதை நினைவிருக்கட்டும். எந்தச் சான்றிதழை எத்தனை பேர் பெற்றார்கள், போன ஆண்டு ஊக்கத்தொகையில் எவ்வளவு தொழிற்கூடத்துக்குப் போயிற்று என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.