மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு பள்ளிச் சீருடைக் கடை
இந்தக் கடையின் சிறப்பு அதன் தையல்தான்: பெண்பிள்ளைகள் சட்டைமேல் அணியும் கையில்லாத நீலப் பினாஃபோரின் கீழ்விளிம்பிலும் காற்சட்டையின் இடுப்பிலும் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை மடித்து விட்டிருப்பதால், பிள்ளை வளர்ந்தாலும் பிரித்துத் தைத்து அடுத்த ஆண்டும் அணிவிக்கலாம். வெள்ளைச் சட்டைத் துணி சற்று மெல்லியது, உள்சட்டை அவசியம். கறுப்புக் காலணிகள் உறுதியானவை.

இங்கிலாந்தில் பள்ளிக்குப் பள்ளி சீருடை வேறுபடுவதால், சின்னம் பொறித்த கோட்டைப் பல பெற்றோர் குறிப்பிட்ட கடையிலேயே வாங்க வேண்டியிருந்தது. அந்தச் செலவைக் குறைக்க 2021இல் அங்கே தனிச் சட்டமே வந்தது. நம் அரசுப் பள்ளிகளில் நாடெங்கும் ஒரே சீருடை என்பதால் நாலு கடை ஏறி விலை கேட்கலாம். அப்படிக் கேட்டுப் பார்த்தும் இக்கடையையே பரிந்துரைக்கிறேன். பள்ளி திறக்கும் வாரத்தில் மட்டும் போகாதீர்கள், சிறிய அளவுகள் தீர்ந்துவிடும்.