ஆய்வேடு எழுதக் கோத்தகிரியில் ஒரு மாடி அறை: வாடகைக்குத் தகுமா?

கோத்தகிரிப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், தேயிலைச் சரிவைப் பார்த்தபடி நிற்கும் ஒரு வீட்டின் மாடியில், முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடிக்க வருபவர்களுக்கு இரண்டு அறைகளை மாத வாடகைக்கு விடுகிறார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். வாசலில் பலகை இல்லை, விளம்பரமும் இல்லை. தங்கிச் சென்றவர்கள் அடுத்தவர்களிடம் சொல்லித்தான் ஆள் வருகிறது. பெயரையும் முகவரியையும் எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் அவற்றைத் தவிர்க்கிறேன். ஆனால் மலையில் இத்தகைய அறைகளைத் தேடுபவர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்கு இந்த மதிப்பீடு பயன்படக்கூடும். மண் நுண்ணுயிரியலில் ஆய்வு செய்யும் நான், உதவித்தொகை நின்றுபோன ஆறாம் ஆண்டில் அங்கே தங்கி ஆய்வேட்டின் பெரும்பகுதியை எழுதினேன். எழுதுவது மட்டுமே மீதமிருப்பவருக்கு அந்த அறை வாடகையைவிட அதிக மதிப்புடையது என்பதும், அதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவருக்கு அது பணவிரயம் என்பதும் என் முடிவு.

வாடகையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தக் கட்டத்தில் இருக்கும் எவரும் முதலில் கேட்பது அதைத்தான். காலை, இரவு என இரு வேளை உணவுடன் சேர்த்து, நான் கடைசியாக வாங்கிய முதுநிலை ஆய்வு உதவித்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆகிறது. இளநிலைக்கு 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000 ரூபாய் என 2023 ஜனவரி 1 முதல் உயர்த்தப்பட்ட அந்தத் தொகை ஐந்து ஆண்டுகளோடு நின்றுவிடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளோ, ஆய்வுக்கு ஆறு ஆண்டுகள் வரையும், மறுபதிவு செய்துகொண்டால் மேலும் இரண்டு ஆண்டுகளும், பெண்களுக்கு அதற்கு மேல் இன்னும் இரண்டு ஆண்டுகளும் இடம் தருகின்றன. விதி அனுமதிக்கும் காலத்துக்கும் பணம் வரும் காலத்துக்கும் நடுவில் உள்ள இந்தப் பள்ளத்தில்தான் என்னைப் போன்றவர்கள் எழுத உட்காருகிறோம். வாடகையை வீட்டாரிடம் கேட்டு வாங்கும் சங்கடமும் அந்தக் கணக்கில் சேரும். கோவையில் தனி அறைக்கும் உணவகச் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவோடு வைத்துப் பார்த்தால் இது அதிகமில்லை என்று மட்டும் சொல்லலாம்.

அறையில் இருப்பவற்றிலேயே சிறந்தது மேசை. பழைய தேக்கு மேசை. மடிக்கணினி, ஆய்வகக் குறிப்பேடுகள், அச்சிட்டு வைத்த வரைபடங்கள் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வைக்கும் அளவுக்கு அகலமானது. அறிவியல் ஆய்வேட்டில் முடிவுகளுக்கான இயலை எழுதும்போது எல்லா வரைபடங்களும் ஒரே நேரத்தில் கண்முன்னே கிடப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது, விடுதி அறையில் கட்டில்மேல் உட்கார்ந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சன்னல் மேசைக்கு எதிரே இல்லாமல் பக்கவாட்டில் இருப்பதால் வெளிச்சம் வருகிறது, கவனம் போவதில்லை. நாற்காலிதான் பெரிய குறை. அந்த மேசைக்குக் கொஞ்சமும் பொருந்தாத பிளாஸ்டிக் நாற்காலி அது. முதுகுவலி உள்ளவர்கள் மெத்தைத் திண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் விரல்கள் விறைத்துப்போய்த் தட்டச்சு செய்ய முடிவதில்லை. பழைய மின்கம்பிகள் தாங்காது என்பதால் ஹீட்டர் வைக்க அனுமதி கிடையாது. கேட்டால் ஒரு ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பிக் கொடுக்கிறார்கள். இன்வெர்ட்டர் ஒரு விளக்கையும் ஒரு பிளக்கையும் மட்டுமே தாங்குகிறது. ஊட்டிக்கும் கூடலூருக்கும் தென்மேற்குப் பருவமழை என்றால், கிழக்குச் சரிவில் உள்ள கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. ஆகவே அக்டோபர், நவம்பர் மாதங்களில் மின்சாரம் அடிக்கடி போகிறது, மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவதும் உண்டு. 2009 நவம்பரில் நடந்த பெரும் மண்சரிவை இங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கெடு நாள் குறிக்கப்பட்டவர்கள் அந்த இரண்டு மாதங்களைத் தவிர்த்துவிடலாம்.

இணைய வசதி உண்டு என்று சொல்வது மரியாதைக்காகத்தான். கீழ்த்தளத்தில் இருக்கும் வைஃபை, மாடி ஏறுவதற்குள் களைத்துவிடுகிறது. மின்னஞ்சல் வரும், காணொளிச் சந்திப்பு நடக்காது, இணையத்திலேயே திறந்து எழுதும் மென்பொருள்களை நம்பிப் போனால் பாதி நாள் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தால் ஏராளமான ஆய்விதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன என்றாலும், வளாகத்துக்கு வெளியே அதே வசதி எளிதாகக் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. தேவையான கட்டுரைகளை எல்லாம் முன்கூட்டியே இறக்கி, ஸொட்டேரோ போன்ற மேற்கோள் மென்பொருளில் அடுக்கி எடுத்துக்கொண்டு போக வேண்டும். எழுதியதைத் தினமும் வெளி வன்தட்டு ஒன்றில் படியெடுத்து வைக்கவும் வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டால் அந்த மந்தமான இணையமே ஒரு வசதியாக மாறிவிடுகிறது. ‘இதே தலைப்பில் நேற்று எவராவது கட்டுரை வெளியிட்டிருப்பார்களோ’ என்று மணிக்கொரு முறை தேடிப் பார்க்கும் பழக்கம் தானாக நின்றுபோகும்.

ஆனால் வாடகை எதற்காகத் தகும் என்று கேட்டால், மேசையையும் அமைதியையும்விட வேறொன்றைத்தான் சொல்வேன். அங்கே ஆய்வகம் இல்லை. அறிவியல் ஆய்வின் கடைசி ஆண்டில் பிடிக்கும் நோய், ‘இன்னும் ஒரே ஒரு சோதனை’ என்பது. ஒரு வரைபடத்தில் பிழைக்கோடு, அதாவது அளவீட்டின் நிச்சயமின்மையைக் காட்டும் கோடு, சற்று நீளமாகத் தெரிந்தால் போதும், எழுதுவதை நிறுத்திவிட்டு மாதிரிகளை மறுபடியும் உறைபெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுகிறோம். அந்தச் சோதனை முடியும்போது அதிலிருந்து இரண்டு புதிய கேள்விகள் முளைத்திருக்கும். சோதனை செய்வது நமக்குப் பழகிய வேலை, எழுதுவது பழகாத வேலை என்பதைத் தவிர இதற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. ஊட்டிக்கு அருகே முத்தொரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கிக்கு இந்த மலை உண்மையிலேயே தேவைப்பட்டது: அவ்விடத்தின் அட்சரேகைக்கு ஈடான, ஏறத்தாழ 11 பாகைச் சரிவு ஒன்று கிடைத்ததால்தான் 530 மீட்டர் நீளமுள்ள அந்தக் கருவியின் அச்சைப் பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைக்க முடிந்தது. ஆய்வேட்டுக்கு அப்படி மலை எதையும் தருவதில்லை. ஆய்வகத்து மையவிலக்கிக் கருவியிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் நம்மை உட்கார வைக்கிறது; அவ்வளவே. அந்தத் தொலைவில், பிழைக்கோடு நீளமாக இருப்பதற்கான காரணத்தை விவாத இயலில் நேர்மையாக ஒரு பத்தியில் எழுதிவிட்டு அடுத்த வரைபடத்துக்குப் போவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை.

கீழே கூடத்தில் ஓர் அலமாரி இருக்கிறது. முன்பு தங்கியவர்கள் விட்டுச்சென்ற, கெட்டி அட்டை போட்ட ஆய்வேடுகள் அதில் நிற்கின்றன. இவற்றைப் போன்ற ஆய்வேடுகள் ஆயிரக்கணக்கில் ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன என்பது தெரிந்திருந்தும், கையில் எடுத்துப் புரட்டுவது வேறு மாதிரியாக இருந்தது. பட்டம் பெற்றுத் தந்த அந்த நூல்களில் எழுத்துப்பிழைகள் இருந்தன; சில முடிவுகள் ஒரு வரியில் முடிந்திருந்தன; முன்னாய்வு மதிப்பீட்டு இயல்கள் பல, நான் மனத்தில் வைத்து அஞ்சிக்கொண்டிருந்த அளவில் பாதிகூட இல்லை. ஆய்வேடு என்பது வாழ்நாள் சாதனை அன்று, இரண்டு புறத் தேர்வாளர்கள் படித்துத் திருப்தியடைய வேண்டிய ஒரு நூல் என்பதை நெறியாளர் எத்தனையோ முறை சொல்லியும் ஏறாத புத்தியில் அந்த அலமாரி ஏற்றியது.

உணவு எளிமையானது, நேரம் தவறாதது. காலை எட்டு மணிக்குப் பலகாரம். இரவில் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, தோட்டத்துக் கீரை. வாரத்தில் ஓரிரு நாள் ராகிக் களி. மாலையில் தேநீரும் வர்க்கியும் கணக்கில் சேராமல் வந்துவிடுகின்றன. மதிய உணவுக்குக் கடைவீதிக்குப் போக வேண்டும், அந்த நடை நல்லதுதான். வீட்டுக்கார அம்மா, “எப்போ முடிப்பே?” என்று ஒருபோதும் கேட்பதில்லை. சொந்த ஊரில் அத்தை முதல் பால்காரர் வரை எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்விக்குப் பதிலாக, “இன்னைக்கு எந்தப் படம் எழுதினே கண்ணு?” என்று கேட்பார், வரைபடத்தைத்தான் படம் என்கிறார். ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டுமே என்பதற்காகவே ஒரு வரைபடத்தின் விளக்கத்தை மாலைக்குள் முடித்த நாள்கள் உண்டு. பேச்சு பிடிக்காதவர்களுக்கு இது தொந்தரவாகவும் படலாம்.

நடக்க விரும்புபவர்கள், 2024இல் ராம்சார் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட லாங்வுட் சோலையின் ஓரம் வரை போய்வரலாம். ஆனால் கரடியும் காட்டெருமையும் சாதாரணமாக வந்துபோகும் ஊர் இது. இருட்டியபின் வெளியே போவதை வீட்டார் தடுப்பதில் நியாயம் இருக்கிறது.

இந்த அறை எல்லோருக்குமானது அன்று. தரவுப் பகுப்பாய்வு முடியாதவர்கள், நெறியாளர் ஒரு முறைகூடப் பார்க்காத முடிவுகளை வைத்திருப்பவர்கள், ஆய்வுக்குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருப்பவர்கள் ஆகியோர் வளாகத்திலேயே இருப்பது நல்லது. நெறியாளரோடு பிணக்கு ஏற்பட்டு அதிலிருந்து தப்பிக்க மலையேற நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். இரண்டு மாதம் கழித்து அந்தப் பிணக்கு அப்படியே, கூடவே ஒரு சந்தேகத்தோடும் காத்திருக்கும். மனச்சோர்வில் இருப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம், பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்களிடம், நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 39 விழுக்காட்டினரின் மனச்சோர்வு அளவீடு மிதமான நிலையிலிருந்து கடுமையான நிலை வரை இருந்தது. அப்படிப்பட்ட நிலையில், பனி இறங்கிய மாலைகளில் ஆளரவமில்லாத மாடியில் தனியாக உட்கார்ந்திருப்பது சோர்வைக் கூட்டவே செய்யும். தூக்கம் கெட்டு, உணவு பிடிக்காமல், மடிக்கணினியைத் திறக்கவே கை நடுங்கும் கட்டத்தில் தேவைப்படுவது மருத்துவரும் பேச்சுத்துணையும்தான். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனாஸின் 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

அச்சிடுவது, அட்டை போடுவது, ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை ஆகியவற்றைக் கோத்தகிரியில் எதிர்பார்க்காமல் கோவையிலோ பல்கலைக்கழக நூலகத்திலோ வைத்துக்கொள்வதே வசதி. சொந்தக் கட்டுரைகளை இயல்களாகச் சேர்ப்பவர்கள் அவை தம்முடைய கட்டுரைகளே என்பதற்கான சான்றை நெறியாளரிடம் கிளம்பும் முன்பே கேட்டு வைக்கலாம். மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டியிருக்கும் என்பதால், கடைசி வாரத்தில் அந்தத் தாளுக்காக அலைவது பெரும் எரிச்சல்.

ஏப்ரல், மே மாதங்களில் உறவினர்கள் வருவதால் அறை கிடைப்பதில்லை; சொந்த வாகனத்தில் போகிறவர்கள் 2024 மே முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸை எடுத்துக்கொள்ள வேண்டும், பேருந்தில் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. முன்பணம் ஒரு மாத வாடகை. இடையில் கிளம்பினால் மீதி நாள்களுக்கான தொகையைக் கணக்குப் பார்த்துத் திருப்பித் தருகிறார். வாடகையைத் தவணையாகக் கொடுக்கவும் சம்மதிக்கிறார், ஆனால் அதை வருவதற்கு முன்பே தொலைபேசியில் பேசி முடித்துக்கொள்ள வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருக்கிறார்.